வலது கையில் எட்டுச் சீட்டு

இதை இடது கையால் எழுதுகிறேன். வலது கை தாளைப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் அதனால் முடியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணல். ஒரு வரி எழுத நேரம் எடுக்கிறது. அதனால் தேவையானதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இந்த வருத்தம், கை கால் விழுகிற நோய், வந்துவிட்டது. அவர்கள் வீட்டு ஆட்கள் வந்து, எப்படி இருந்தது, ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வாயும் இன்னும் நேராகவில்லை. அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

பேர் ராஜேஸ்வரி. லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வீட்டில் மூன்று பேர். வீட்டுக்காரர் சந்திரன் முன்பே தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு வெளியே மேசன்மாருக்குக் கையாளாகப் போகிறார். ஒருமுறை வெட்டிய பேரைத் திரும்பப் போட மாட்டார்கள். மகள் தர்ஷனி பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். தோட்டத்தில் பேர் இருப்பது எனக்கு மட்டும். ஒரு வீட்டில் ஒருத்தர் பேராவது இருந்தால்தான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், அந்த ஒற்றை அறைக் காம்பரா. இல்லாவிட்டால் காம்பராவைக் கேட்பார்கள். அல்லது வீட்டில் இன்னொருத்தர் பேரைப் போடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இன்னொருத்தர் என்றால் தர்ஷனிதான்.

வருத்தம் வந்தது மலையில். காலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் போடுவோம். கை தன்னால் போகும். அன்றைக்குப் போகவில்லை. கொழுந்து காலடியில் விழுந்தது. திரும்பவும் பறித்தேன். திரும்பவும் விழுந்தது. பக்கத்து நிரையில் மல்லிகா நின்றாள். என் கூட்டாளி. அவள் சிரித்தாள்.

“என்னாடி, காலையிலயே ஊத்திக்கிட்டியா?”

பதில் சொல்லப் பார்த்தேன். வாயில் கூழ் இருந்த மாதிரி இருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கேதான் தப்பு நடந்தது. காத்துக் கறுப்பு பட்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். என்னை லயத்துக்குத் தூக்கி வந்து, திருநீறு போட்டு, வேப்பிலை அடித்தார்கள். படுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். படுத்தேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து என் வாயைப் பார்த்தார். ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.

டாக்டர் பொம்பளை. சின்ன வயது. தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு. அடைப்புக்கு அந்தப் பக்கம் ரத்தம் போகாத இடம் செத்துப் போகும். இடது மூளையில் அடைத்தால் வலது கை கால் போகும். இதுதான் பாரிசவாதம். பிரஷரை வருஷக்கணக்காகப் பார்க்காமல் விட்டதால் வந்தது.

“கொஞ்ச மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. இப்ப அது போட முடியாது” என்றார்.

வீட்டுக்காரர் வேப்பிலையைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னால் சொல்லவும் முடியாது. இதைப் படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், திருநீறு போட்டுக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.

முதல் நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். இருமினேன். தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறது என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். கஞ்சி அதில் போனது. மூத்திரத்துக்கு இன்னொரு குழாய். தர்ஷனி என் உடம்பைத் துடைத்தாள். நான் அவளைக் குளிப்பாட்டியது நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்காரர் பஸ் பிடித்து வந்து, பார்க்கிற நேரம் முடியும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பேசத் தெரியாத மனுஷன். ஒருநாள் என் கால் நகத்தை எல்லாம் வெட்டிவிட்டுப் போனார். கேட்காமலே.

இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். செத்திருந்தால் நல்லது என்று நினைப்பேன். பிறகு, செத்தாலும் பேர் போகும், தர்ஷனி மலைக்குத்தான் போவாள் என்று தோன்றும். சாகவும் வழியில்லை. அப்படித்தான் கிடந்தேன்.

குழாய்களை எடுத்த பிறகு வேறொரு வார்டுக்கு மாற்றினார்கள். கை கால் விழுந்தவர்களைப் பழக்குகிற வார்டு. பக்கத்துக் கட்டிலில் சோமா அக்கா. பசறைப் பக்கத்துச் சிங்களப் பெண். கடை வைத்திருந்தவள். தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவாள். அவளுக்கு இடது பக்கம் விழுந்திருந்தது.

“ஒனக்கு இடது கை இருக்கு, எனக்கு வலது கை இருக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு மனுசி” என்றாள் நான் வந்த அன்றைக்கே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் பிசியோ ஐயா வருவார். உடற்பயிற்சி வைத்துப் பழக்குகிறவர். கையைத் தூக்கு, விரலை விரி என்பார். நல்ல மனுஷன். கால் கொஞ்சம் வந்தது. கை வரவில்லை. விரல் மடங்கியே கிடந்தது.

அவர் போன பிறகு ஒரு பெண் வருவாள். பதுளை டவுன் பிள்ளை. வேதக்காரக் குடும்பம். பேர் ஜெனிட்டா. வெள்ளை உடுப்பு இல்லை. நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. ஒரு துணிப் பையில் பந்து, பாசிமணி, கலர் பென்சில் வைத்திருப்பாள். வார்டில் அவளை ‘வெளையாட்டு மிஸ்’ என்பார்கள். அவளுக்கு உட்கார மேசை இல்லை. பையைத் துணி அலமாரிக்குப் பின்னால் வைப்பாள்.

என் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

“அக்கா, வேலை இல்லாத நேரத்துல என்ன செய்வீங்க?”

“வேலை இல்லாத நேரமா?”

“ஆமா. ஓய்வா இருக்கிறப்ப.”

“தூங்குவேன்.”

“தூங்கிறதுக்கு முன்னாடி?”

“சமைப்பேன்.”

“ஞாயித்துக்கிழமை?”

“துணி துவைப்பேன். வெறகு பொறுக்குவேன்.”

“செய்யிறதுல சந்தோசமா இருக்கிறது எதுக்கா?”

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் தேடிப் பார்த்தேன். உண்மையாகவே ஒன்றும் அகப்படவில்லை. அவமானமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து போனாள்.

அடுத்த நாள் பந்தைக் கொண்டு வந்தாள். பிடிக்கச் சொன்னாள். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பந்தா என்று திரும்பிப் படுத்தேன். அதற்கு அடுத்த நாள் பாசிமணி. அதுவும் வேண்டாம் என்றேன். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

“இதுக்கெல்லாமா ஒங்களுக்கு வேலை குடுத்திருக்காங்க?”

அவள் கோபப்படவில்லை.

“இன்னும் குடுக்கலக்கா. வெளிநாட்டுல இதுக்குன்னு படிப்பு, பதவி எல்லாம் இருக்கு. பொழுதுபோக்குச் சிகிச்சைன்னு நான் தமிழ்ல சொல்லிக்கிறேன். நம்ம நாட்டுல இந்த வேலைக்கு இப்பத்தான் வெத போட்டிருக்கு. என்னைய கொஞ்ச காலம் செஞ்சு காட்டுன்னு விட்டிருக்காங்க.”

“அப்ப என்னா சிகிச்சை இது?”

“பிசியோ ஐயா கையத் தூக்கச் சொல்லுவாரு. அந்தக் கை எதுக்காகத் தூக்கணும்னு பாக்கிறது என் வேலை. ஆசை இல்லாம கை வராதுக்கா.”

அன்றைக்கு மத்தியானம் தூக்கம் வரவில்லை. கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. சின்ன வயதில் சம்பள நாளில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஆம்பளைகள் சீட்டாடுவார்கள். ஓமி. நாலு பேர், இரண்டு கட்சி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. சுற்றுக்கு ஆளுக்கொரு சீட்டு, பெரிய சீட்டு போட்டவருக்கு அந்தப் பிடி; துரும்பு என்று சொன்ன இனம் மற்ற எல்லாச் சீட்டையும் வெட்டும். எங்கள் அப்பாவும் ஆடுவார். சாப்பிடக் கூப்பிட அம்மா என்னை அனுப்புவாள். நான் கூப்பிடாமல் பின்னால் நின்று பார்ப்பேன். பார்த்துப் பார்த்தே ஆட்டம் பிடிபட்டது. அப்பா எந்தச் சீட்டைப் போடப் போகிறார் என்று எனக்கு முன்பே தெரியும். அவர் தப்பாகப் போட்டால் நெஞ்சு பதறும். ஒருநாள் கீழே விழுந்த சீட்டை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். புறங்கையில் ஓர் அடி விழுந்தது. பொம்பளை சீட்டைத் தொட்டால் குடும்பம் விளங்காது என்றார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு கொழுந்தைத் தவிர வேறெதையும் இந்தக் கை தொடவில்லை.

மிஸ் வந்ததும் சொல்லிவிட்டேன். சத்தம் குறைத்து, களவு செய்ததைச் சொல்கிற மாதிரி.

“ஓமி பாப்பேன். ஆடினதில்ல.”

அவள் முகம் மலர்ந்ததை எழுதத் தெரியவில்லை.

மறுநாள் ஒரு கட்டுச் சீட்டும் ஒரு பலகைத் துண்டும் வந்தன. பலகையில் நீளமாக ஒரு வெட்டு. சீட்டை அதில் நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவையில்லை. ஆனால் போடுகிற சீட்டை வலது கையால்தான் உருவ வேண்டும் என்று மிஸ் சட்டம் போட்டாள். சோமா அக்கா இடது கையால் உருவ வேண்டும். சோமா அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தங்கச்சி ஒரு ஆள். மிஸ் ஒரு ஆள். நாலு பேர் ஆகிவிட்டோம். நானும் சோமா அக்காவும் ஒரு கட்சி.

முதல் நாள் ஒரு சீட்டைக்கூட உருவ முடியவில்லை. மிஸ் என் கையைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்தாள். விரல் அசையவில்லை. மற்றவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காத்திருப்புதான் என்னைக் கொன்றது. கையில் துரும்பு ராஜா இருக்கிறது. போட்டால் பிடி எங்களுக்கு. போட முடியவில்லை. அழுதேன். அது வருத்தத்துக்கு அழுததல்ல. ராஜா வீணாகப் போனதற்கு அழுதேன். மிஸ் அதைக் கவனித்துவிட்டாள்.

“இதத்தான்கா தேடிக்கிட்டிருந்தேன்” என்றாள்.

பல நாட்கள் கழித்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. கொழுந்து கிள்ளுகிற அதே இரண்டு விரல். ஒரு சீட்டு வெளியே வந்தது. தோளைக் காதுவரை உயர்த்தி, உடம்பை முழுக்கச் சாய்த்து இழுத்தேன். சீட்டு கட்டிலில் விழுந்தது. ஏழு. ஒன்றுக்கும் ஆகாத சீட்டு. பிசியோ ஐயாவைக் கூட்டி வந்து காட்டினார்கள். அவர், “பயிற்சியில செய்ய மாட்டேங்கிற, சீட்டுக்குச் செய்யிற. இருக்கட்டும் இருக்கட்டும்” என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு விடியும்போது ஒரு நினைப்பு இருந்தது. இன்றைக்கு ஆட்டம் உண்டு என்று.

ஒருநாள் நாங்கள் எட்டுப் பிடியையும் எடுத்துவிட்டோம். ஒரே கட்சி எட்டையும் எடுத்தால் அது கபோத்தி. எதிர்க் கட்சிக்குப் பெரிய வெட்கம். கடைசிச் சீட்டு என்னுடையது. அந்த வெட்கத்திலிருந்து தப்பிக்கலாம் என்ற மிஸ்ஸின் நம்பிக்கையெல்லாம் அந்தக் கடைசிப் பிடியில் இருந்தது. நான் உருவிப் போட்டேன். சோமா அக்கா வார்டு அதிர “கபோத்தி!” என்று கத்தினாள். நான் சிரித்தேன். வாய் ஒரு பக்கம் போனது. போகட்டும் என்று சிரித்தேன்.

அப்போது வாசலில் மாணிக்கம் கங்காணி நின்றார்.

எங்கள் கொழுந்துக் கூட்டத்துக்குக் கங்காணி அவர். என்னைப் பார்க்க பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் ஒரு பெட்டி பிஸ்கட். அவர் கட்டிலுக்கு வரும்போது என் கையில் அடுத்த ஆட்டத்துச் சீட்டு. இடது கையில்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது சீட்டையும் சிரிப்பையும்தான். பிஸ்கட்டை லாக்கர் மேல் வைத்தார்.

“நல்லாத்தான் இருக்கீங்க போல” என்றார். உட்காரவில்லை. போய்விட்டார்.

நான் அப்போதே சீட்டைத் தலையணைக்குக் கீழே தள்ளினேன். ஏன் என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்களிடத்தில் வருத்தக்காரர் வருத்தக்காரர் மாதிரி இருக்க வேண்டும். தலையில் துணி கட்ட வேண்டும். முனக வேண்டும். சுகமில்லை என்று வீட்டில் இருக்கிறவள் வாசலில் நின்று யாரோடாவது சிரித்தால், மறுநாள் பெரட்டில், காலையில் வேலை பிரிக்கிற இடத்தில், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே நாங்கள் அப்படித்தான் வருத்தப்பட்டிருக்கிறோம். மிஸ்ஸுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஒரு நாள் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் வந்தபோது முகம் சரியில்லை. கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். தர்ஷனி சில நாள் வரவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். சோறு பிசைந்து ஊட்டினாள். முதல் வாய் வாங்கினேன். இரண்டாவது வாய்க்கு அவள் கை பக்கத்தில் வந்தபோது பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறுப்பு. நகத்துக்கு அடியில் கறுப்பு. விரலின் உள்பக்கம் வெடிப்பு.

கொழுந்துக் கறை. அது சவர்க்காரத்துக்குப் போகாது. என் விரலில் வருஷக்கணக்காக இருந்ததுதான். ஆஸ்பத்திரியில் படுத்துப் படுத்து எனக்கு அது போய்விட்டது.

“எப்பயிருந்து?” என்று கேட்டேன்.

அவள் கையை மடியில் மறைத்தாள்.

“கங்காணி சொல்லிட்டாரும்மா. ஒங்க கையில சீட்டு நிக்குதாம், கொழுந்து நிக்காதான்னு. லயம் பூரா இதே பேச்சு. டொக்டர் எழுதிக் குடுத்த துண்ட அப்பா கொண்டு போய்க் குடுத்தாங்க. துண்டு கெடக்கட்டும், கண்ணால பாத்தவரு சொல்றாருன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அம்மா வரணும், இல்லாட்டி நான் வரணும்.”

“பரீட்சை?”

“மலையில இருந்து வந்து படிக்கிறேன்மா.”

“பொய் சொல்லாத.”

அவள் சோற்றை எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் மிஸ் சீட்டோடு வந்தபோது பலகையைத் தட்டிவிட்டேன்.

“ஒங்க வெளையாட்டால என் புள்ள மலைக்குப் போயிருச்சு” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. சோமா அக்கா விளக்கினாள். மிஸ் கீழே குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடிக்கும்வரை நிமிரவில்லை.

அவள் எங்கள் தோட்டத்துக்கே போயிருக்கிறாள். இதை வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார். லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, மலை நடந்து, பெரட்டுக் களத்தில் கங்காணி முன்னால் நின்றிருக்கிறாள்.

“நீங்க டொக்டரா?” என்று கங்காணி கேட்டாராம்.

“இல்ல.”

“நர்ஸா?”

“இல்ல.”

“அப்ப என்னா வேலை?”

“நோயாளிங்களோட வெளையாடுறது. அது ஒரு வைத்தியம் கங்காணி.”

“அப்ப எனக்கும் பாருங்க மிஸ். இந்த மலைய ஏறி ஏறி எனக்கும் முழங்கால் நோவுதான்.”

களமே சிரித்ததாம். அவள் திரும்பி வந்துவிட்டாள். டாக்டர் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மரியாதையாவது கிடைத்திருக்கும். சொல்லவில்லை.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிசியோ ஐயா தூக்கிய கை அவர் விட்டதும் விழுந்தது. விரல் திரும்பவும் மடங்கியது. டாக்டர் வந்து திட்டினார். காதில் ஏறவில்லை. மிஸ் தினமும் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். சீட்டு எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள். அவளுக்கு வேறு நோயாளிகள் இருந்தார்கள்.

சோமா அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்துவிட்டது. துணிமணி எல்லாம் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏய் ராஜி. ஒங்க கங்காணி என்னா பாத்தான்?”

“சீட்டப் பாத்தாரு.”

“இல்ல. அவன் கடைசிப் பிடிய மட்டும் பாத்தான். முழு ஆட்டம் பாக்கல. நீ ஒரு சீட்டு எடுக்கிறதுக்குள்ள நான் வெத்தல ஒண்ணு மென்னு துப்பிருவேன். அது அவனுக்குத் தெரியுமா?”

சொல்லிவிட்டு என் நெற்றியில் கை வைத்துவிட்டுப் போனாள். சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே நினைத்தேன். சாயங்காலம் மிஸ்ஸைக் கூப்பிட்டேன். பலகையைக் கேட்டேன்.

அதிலிருந்து வீட்டுக்கு வரும்வரை ஆடினேன். எதிரே மிஸ் மட்டும். இரண்டு பேர் ஆடுகிற மாதிரி, துரும்பு இல்லாமல், பெரிய சீட்டுக்குப் பிடி. அதில் முன்பு இருந்த சந்தோஷம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ் சீட்டையும் பலகையையும் என் பையில் வைத்தாள்.

“வார்டு சாமானாச்சே மிஸ்.”

“வார்டுக்கு இந்தச் சாமான் எல்லாம் இன்னும் கெடையாதுக்கா. இது என்னோடது. எனக்குக் குடுத்த காலமும் முடியப் போகுது. திரும்பக் கூப்பிடுவாங்களான்னு தெரியல.”

“கூப்பிடாட்டி?”

“டவுன்ல ஏதாவது கடையில நிப்பேன்” என்றாள். சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் வீட்டுக்காரர். பனி விலகவில்லை. களத்தில் பெண்கள் மலைக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசைக் கடைசியில் தர்ஷனி. அவளும் சாக்கு கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வரப் பார்த்தாள். நில் என்று கண்ணைக் காட்டினேன்.

“சீட்டுக்காரி வந்துட்டாடி” என்று யாரோ சொன்னது கேட்டது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்தேன். பையிலிருந்து பலகையை எடுத்து முழங்காலுக்கு நடுவே வைத்தேன்.

“கங்காணி, ஒரு ஆட்டம் போடுவோம்” என்றேன்.

“என்னா புள்ள இது? வேலை நேரத்துல.”

“ஒரே ஆட்டம். ஆளுக்கு எட்டுச் சீட்டு. நான் ஆடி முடிச்சா இன்னைக்கே நானே மலைக்குப் போறேன்.”

மல்லிகா கத்தினாள்: “ஆடுங்க கங்காணி! கோயிலுக்குப் பின்னால ஆடுறதுதானே!” பெண்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. சிரிப்புக்காகவே வந்து உட்கார்ந்தார். மல்லிகா சீட்டைப் பிரித்துப் போட்டாள். என் எட்டுச் சீட்டையும் இடது கையால் பலகையில் நிறுத்தினேன். அவர் முதல் சீட்டைப் பட்டென்று போட்டார்.

என் முறை.

வலது கையைத் தூக்கினேன். தோள் காதுக்கு ஏறியது. கை பாதி வழியில் நின்றது. இறக்கி, திரும்பவும் தூக்கினேன். விரல் சீட்டைத் தொட்டது. நழுவியது. திரும்பவும் தொட்டது. வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்க வீட்டுக்காரர் வந்தார். வேண்டாம் என்றேன். இரண்டு விரலும் சேர்ந்து சீட்டு மேலே வந்தது. விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது சீட்டு. மூன்றாவது. மூன்றாவது சீட்டு சேற்றில் விழுந்தது. மல்லிகா குனிந்தாள். எடுக்காதே என்றேன். நானே குனிந்து எடுத்தேன். அதற்கு வெகு நேரம் ஆனது. மற்றக் கங்காணிமாரின் ஆட்கள் மலையேறிப் போய்விட்டார்கள். எங்கள் கூட்டம் மட்டும் நின்றது.

“போதும் புள்ள” என்றார் கங்காணி.

“இன்னும் அஞ்சு இருக்கு கங்காணி. அன்னைக்கு நீங்க கடைசிச் சீட்ட மட்டுந்தான் பாத்தீங்க.”

அவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். நான் வைக்கவில்லை. நான்காவதையும் ஐந்தாவதையும் போட்டேன். ஆறாவதில் கை செத்துவிட்டது. எவ்வளவு பார்த்தும் எழும்பவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்று சீட்டு பலகையிலேயே நின்றது.

கங்காணி கொஞ்ச நேரம் அந்த மூன்று சீட்டைப் பார்த்தார்.

“அன்னைக்குச் சிரிச்சியே புள்ள” என்றார். கோபமாக இல்லை. விளங்காத மாதிரி கேட்டார்.

“சிரிச்சேன். வருத்தக்காரி சிரிக்கக் கூடாதா கங்காணி?”

அவர் எழுந்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வரிசைக் கடைசியைப் பார்த்து, “பாப்பா, நீ சாக்க அவுத்துரு” என்றார். பிறகு என்னிடம், “பரீட்சை முடியிற வரைக்கும் ஒம்பேரு இருக்கும். ஆபீஸ்ல நான் சொல்றேன். அதுக்கப்புறம் கேட்டா நான் என்னா சொல்றது?” என்றார்.

“அப்ப வாரேன். மிச்ச மூணு சீட்டையும் போடுறேன்.”

“போட முடியாட்டி?”

பலகையை எடுத்துப் பையில் வைத்தேன். எனக்கும் தெரியாது.

இதை எழுதுகிற இன்றைக்கும் தெரியாது. பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சாயங்காலம் மல்லிகா வருகிறாள். அவளுக்கு ஓமி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கதவைத் திறந்து வைத்துத்தான் ஆடுகிறோம். நல்ல நாளில் ஆறு சீட்டு போகிறது. ஏழாவது இன்னும் போகவில்லை. ஜெனிட்டா மிஸ்ஸைத் திரும்பக் கூப்பிட்டார்களா என்று கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை.

அன்றைக்குத் தர்ஷனி சாக்கை அவிழ்த்து மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு, லயத்துக்கு ஓடி, வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்புப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். முதல் பாடம் போயிருக்கும். பாதையில் என்னைக் கடக்கும்போது கறை பிடித்த கையை உடுப்புக்குள் மறைத்தாள். மறைக்காதே, பேனா பிடிக்கப் பிடிக்கப் போய்விடும் என்றேன்.

இதுவரை போகவில்லை. நேற்றும் பார்த்தேன்.